ஜிகினா நானோ

தென்காசியில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சி துபாய் வேலையை விட்டுவிட்டு வந்து குறும்படம் எடுக்கக் கிளம்பினார். நான் வெள்ளி நானோ துகள்களில் ஆராய்ச்சி செய்தவள், கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள் என்பது அவருக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதையோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சர், வில்லன் ஒரு விஞ்ஞானி. குற்றாலத்து அருவில நானோ ரோபோவக் கலந்து விட்டுருதான். குளிக்கவன் பூராம் அவனுக்கு அடிமை. நம்ம ஹீரோ இலத்தூர்க்காரன். நானோ ஊசி போட்டதும் அவன் கண்ணு நீலமாயிருது."

இதே கதையை வேறு வேறு பெயர்களில் படித்துச் சலித்தவள் நான். மந்திரவாதி என்று எழுத வெட்கப்படுகிறவர்கள் நானோ என்று எழுதுகிறார்கள், அவ்வளவுதான். ஒரு கதையில் அது உலகத்தையே தின்று சேறாக்கிவிடும். இன்னொன்றில் செத்தவனை எழுப்பி உட்கார வைக்கும். கதாநாயகன் கண் சிமிட்டுவதற்குள் அவனுக்குக் கவசம் தைத்துப் போடும். என் ஆய்வுக்கூடத்தில் அது காட்டிய ஒரே சாகசம், பாடுபட்டுத் தயாரித்த கரைசலில் கட்டிகட்டியாகத் திரண்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டதுதான்.

"அந்த ரோபோ ஓடுததுக்குக் கரண்டு எங்கன இருந்து வரும், அண்ணாச்சி?"

"அதெல்லாம் நானோ பாத்துக்கிடும் டீச்சர்."

அதற்கு மேல் என்ன கேட்பது? என்னை அறிவியல் ஆலோசகர் ஆக்கிவிட்டார். மறுத்திருக்கலாம். அவர் மனைவி காரில் எனக்கு இடம் போட்டு வைத்துவிட்டதால் படப்பிடிப்புக்குப் போனேன்.

நல்ல சீசன். அருவிக்கரையில் வில்லன் வெள்ளைக் கோட்டோடு நின்று ஒரு வாளியைக் கவிழ்த்தான். உள்ளே இருந்தது நீல ஜிகினாத் தூள். தண்ணீரில் விழுவதற்குள் சாரல் காற்று அதை அள்ளிக்கொண்டு போய், எண்ணெய் தேய்த்து நின்றவர்கள் மேல் அப்பிவிட்டது.

"ஏலே, என்னத்தலே கொட்டுதிய?" என்று கத்திக்கொண்டு வந்தார் கடையத்துக்காரர் ஒருவர். முதுகெல்லாம் மினுங்கியது.

கேமராக்காரன் பயந்துபோய், "நானோ ரோபோ, அண்ணாச்சி" என்று உளறிவிட்டான்.

கடையத்துக்காரரின் மனைவி அவர் முதுகைப் பார்த்து அலறினார். "அய்யோ, அது உள்ள போயி குட்டி போடுமாமே! போன்ல பாத்தேனே!"

"அது வெறும் ஜிகினா, அக்கா. கடலை மாவு போட்டுத் தேய்ச்சா போயிரும்" என்றேன்.

அந்த அம்மா என்னை நம்பவில்லை. எதையோ மூடி மறைக்கிறேன் என்பதுபோல் பார்த்தார். கூட்டம் சேர்ந்தது. போலீஸ்காரர் வந்து திட்டி, கரையில் சிந்திக்கிடந்ததை எங்களையே கூட்டி அள்ள வைத்தார். படித்த படிப்புக்கு இதுவும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் எப்படியோ முடிந்து, ஒரு கல்யாண மண்டபத்தில் திரையிட்டார்கள். அந்த ஜிகினாக் காட்சிக்கு விசில் பறந்தது. கடைசியில் என்னை மேடையேற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"இந்தப் படத்தில் நானோ எங்கேயும் இல்லை" என்றேன்.

"அது கண்ணுக்குத் தெரியாதுல்லா, டீச்சர்!" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

மண்டபமே கைதட்டியது. அண்ணாச்சி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.