முப்பத்திரண்டாவது தலையணை உறை

எங்கள் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கொடுங்கக்கா என்றுதான் சொல்வார்கள். யாராவது எதையாவது தூக்கி எறியப் போகும் நேரம் பார்த்து எங்கிருந்தோ வந்து நின்று, "அதை ஏன் வீணாக்குறீங்க, இங்க கொடுங்க" என்பார். காய்கறித் தோல், முட்டை ஓடு, ஓட்டை வாளி, ஒரு கால் போன நாற்காலி, எதுவானாலும் சரி. எனக்கு எட்டு வயது இளையவர்தான். ஆனாலும் அக்கா என்றே எனக்கும் வாய் பழகிவிட்டது. என்னை அவர் ஜெராக்ஸ் அண்ணே என்பார். தெருமுனையில் நகல் எடுக்கும் கடை வைத்திருப்பவனுக்கு அதற்கு மேல் என்ன பட்டம் கிடைத்துவிடப் போகிறது.

அவருக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில். மலை மாதிரி வந்து குவியும் விரிப்புகளையும் அங்கிகளையும் இயந்திரத்தில் போடுவதற்கு முன், ஒவ்வொரு பைக்குள்ளும் கைவிட்டுப் பார்ப்பார். பேனா, மோதிரம், சாவி, யாரோ யாருக்கோ எழுதிய சீட்டு எல்லாம் வரும். மற்றவர்கள் அதையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்கள். இவரோ கையிலெடுத்துக்கொண்டு வார்டு வார்டாக ஏறி இறங்குவார். ஒருமுறை ஒரு முழுப் பல்செட்டு கிடைத்தது. மூன்று மாடி விசாரித்தும் உடையவர் அகப்படவில்லை. மதியம் ஒரு பெரிய டாக்டர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு சலவை அறைப் பக்கம் வந்தார். அவர் எதற்கு வந்தார் என்று அக்கா இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே அந்த டாக்டரின் டிரைவர் சொல்லித்தான் தெரியும்.

வீட்டுக்காரர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர், அதிகம் பேசாத மனிதர். பால்கனியில் கால் வைக்க இடமில்லாமல் வாளிகள் நிற்பதைப் பற்றிக் கேட்டால், "எங்க வீட்ல எதையாவது வெளிய தூக்கிப் போடணும்னா முதல்ல என்னைத்தான் போடணும். மத்த எல்லாத்துக்கும் அவ ஒரு வேலை வெச்சிருக்கா" என்பார்.

ஆஸ்பத்திரியின் பின்சுவருக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே நீளமாக ஒரு துண்டு நிலம். ஆறு வருடங்களுக்கு முன்னால் அது துருப்பிடித்த கட்டில்களும் இடித்த சுவரின் செங்கல்லும் கிடந்த இடம். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்ச் செங்கல் பொறுக்கத் தொடங்கினார். இன்று ஞாயிறுதோறும் காலையில் ஒன்பது பேர் வருகிறோம். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற தம்பி வருவான். வண்டி ஓட்டுகிற வேகத்திலேயே குழியும் தோண்டுவான், பக்கத்தில் நிற்பவர்கள்தான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். டீச்சர் வருவார், முளைக்காத விதைக்கும் பெயர்ப் பலகை நட்டுவைப்பார். நான் முதலில் போனது உரக்குழி நாறுகிறது என்று சண்டை போடத்தான். "வாசனை எங்கேருந்து வருதுன்னு நீங்களே கிளறிப் பாருங்கண்ணே" என்று ஒரு மண்வெட்டியைக் கையில் கொடுத்தார். இரண்டு மணி நேரம் கழித்து முதுகைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினேன். இது நடந்து நான்கு வருடமாகிறது. நாற்றம் இன்னும் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்கவில்லை.

அந்தக் குழியின் உரம்தான் எங்கள் பெருமை. நடவுக்கு முன்னால் அதைச் சலித்து, ஆஸ்பத்திரி கழித்துப் போட்ட தலையணை உறைகளில் நிரப்பி, வாயைத் தைத்து, கேட்கிற வீடுகளுக்கெல்லாம் கொடுப்போம். வெள்ளை உறை, ஓரத்தில் நீலக் கோடு. ஸ்டோர்காரரிடம் கையெழுத்து வாங்காமல் ஒரு உறையைக்கூட அக்கா வெளியே எடுத்து வரமாட்டார். யார் வீட்டுக்குப் போனது என்று நோட்டில் குறித்தும் வைப்பார். இந்த வருடம் முப்பத்திரண்டு உறைகள் போயின.

இந்த வருடத்தில்தான் நிலத்துக்கும் ஆபத்து வந்தது. எங்கள் தெருவில் இரண்டு கார் வைத்திருக்கும் ஒருவர் உண்டு. ஊர் அவரை ரெண்டு கார்க்காரர் என்றே சொல்லும். நிறுத்த இடமோ ஒன்றுக்குத்தான். இன்னொன்று தினமும் யாராவது ஒருவர் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்தத் துண்டு நிலத்தை வண்டி நிறுத்துமிடமாக்க வேண்டும் என்று அவர் நகராட்சியில் மனு போட்டார். தோட்டமாகவே இருக்கட்டும் என்று நாங்களும் போட்டோம். இரண்டு மனுவையும் தட்டச்சு செய்தவன் நான்தான், கடை என்று வைத்துவிட்டால் அப்படித்தான். மாதக் கடைசி ஞாயிறு காலையில் அதிகாரி நேரில் வருவார், நாற்பது வீட்டில் பாதிக்கு மேல் கை தூக்கினால் தோட்டம் இருக்கும், இல்லாவிட்டால் தார் போடுவோம் என்று பதில் வந்தது. தெருவில் முக்கால்வாசிக்கு மேல் எங்கள் உரம் வாங்கியவர்கள், கவலையில்லை என்று நாங்கள் மிதப்பாக இருந்தோம்.

முதலில் டீச்சர் வீட்டுத் தக்காளிதான் சுருண்டது. புது இலைகள் விரியாமல் உள்ளங்கையை மூடியது மாதிரி மடிந்துகொண்டன. அடுத்த வாரம் தோட்டத்தில் அவரைச் செடியும் அப்படியே ஆனது. ஆம்புலன்ஸ் தம்பி பூச்சி என்றான். நான் வெயில் என்றேன். அக்கா கேன்டீனிலிருந்து எட்டுக் காகித டீக் கப்புகளை வாங்கிப்போய், நான்கில் எங்கள் உரத்தையும் நான்கில் வெறும் மண்ணையும் போட்டு, எட்டிலும் அவரை விதை ஊன்றிச் சலவை அறை ஜன்னலில் வைத்தார்.

பன்னிரண்டாம் நாள் டீச்சரையும் ஆம்புலன்ஸ் தம்பியையும் என்னையும் அங்கே கூப்பிட்டார். வெறும் மண்ணில் நான்கும் நிமிர்ந்து நின்றன. உரத்தில் முளைத்த நான்கும் கொக்கி மாதிரி வளைந்து கிடந்தன.

"மைதானத்துப் புல்லு" என்றார் அக்கா.

போன வருடம் பக்கத்து விளையாட்டு மைதானத்தில் வெட்டிய புல்லைப் பதினாறு கட்டு எரிக்கப் போனார்கள். அக்கா வழக்கம்போல் கொடுங்க என்று வாங்கி வந்து குழியில் போட்டார். எங்களைக் கூப்பிடும் முன் காலையிலேயே மைதானக் காவலாளியைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தார். புல் மட்டும் நிற்க வேண்டும், மற்ற எந்தச் செடியும் தலைகாட்டக் கூடாது என்று அவர்கள் களைமருந்து அடித்திருக்கிறார்கள். மக்கினாலும் எளிதில் போகாத மருந்து. புல்லை ஒன்றும் செய்யாது, அவரையையும் தக்காளியையும் விடாது.

"வாங்கினது நான். கேட்டிருக்கணும், கேட்கலை. முப்பத்திரண்டு வீட்டுக்கும் போய்ச் சொல்லணும்."

கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. "அக்கா, கூட்டம் முடியட்டும். அடுத்த நாளே நான் கூட வரேன், வீடு வீடாப் போய்ச் சொல்லலாம்" என்றான் ஆம்புலன்ஸ் தம்பி. நான் அவனைவிட ஒருபடி மேலே போனேன். "சொல்றதா இருந்தாலும் உரத்தாலன்னு எதுக்குச் சொல்லணும்? இந்த வருஷம் காத்து சரியில்லைன்னு ஒரு நோட்டீஸ் அடிச்சுக் கொடுக்கிறேன்" என்றேன். எழுதும்போதே கூசுகிறது. ஆனால் சொன்னேன்.

அக்கா கோபப்படவில்லை. "இன்னும் பாதி வீட்ல உறையே பிரிக்கலைண்ணே. அடுத்த வாரம்தான் நடுவாங்க. பைக்குள்ள ஒருத்தரோட பல்செட்டு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே மெஷினை ஓட விடச் சொல்றீங்களே?" என்றார்.

அன்று சாயங்காலமே கிளம்பினார். தனியாக அனுப்ப மனசு வராமல் கடையைச் சாத்திவிட்டு முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனேன். ஒவ்வொரு கதவிலும் அதே நான்கு வாக்கியம்தான். நான் கொடுத்த உரத்தில் களைமருந்து கலந்திருக்கிறது. தப்பு என்னுடையது. பிரிக்காத உறையை, மீதி இருந்தால் மீதியை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போட்டுவிட்ட தொட்டியில் விளைவதை இந்த வருடம் சாப்பிட வேண்டாம்.

"சாப்பிட்டா என்ன ஆகும்?" என்று ஒரு வீட்டில் பதறினார்கள்.

"தெரியலைங்க. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். அதனாலதான் வேண்டாங்குறேன்."

ஒரு வீட்டம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "அடப்பாவமே, தண்ணி ஊத்தலைன்னு ஒரு மாசமா எங்க வீட்டுக்காரரைக் கரிச்சுக் கொட்டிட்டிருக்கேனே!" உள்ளேயிருந்து, "இப்ப வந்து அவங்ககிட்டயே கேளு" என்று ஒரு குரல் வெற்றிக்கொடி நாட்டியது. இன்னொரு வீட்டில் பேசி முடிக்கும் முன் முகத்திலடித்த மாதிரி கதவைச் சாத்தினார்கள். அக்கா மூடிய கதவைப் பார்த்தே கடைசி வாக்கியத்தையும் சொல்லி முடித்தார். பிறகு நோட்டில் குறித்துக்கொண்டார்.

முப்பத்தொன்று முடிந்ததும் அக்கா ரெண்டு கார்க்காரர் வீட்டு வாசலில் போய் நின்றார். "இங்க எதுக்கு? இவருக்கு நாம கொடுக்கவே இல்லையே" என்றேன். அவர் வீட்டம்மா ஒருநாள் பின்வாசல் வழியாக வந்து ஒரு உறை வாங்கிப் போனதை அக்கா அப்போதுதான் சொன்னார்.

கதவைத் திறந்தவர் அவரேதான். பின்னால் அந்த அம்மா நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அக்கா அந்தப் பக்கம் பார்க்காமல், யார் வாங்கினார்கள் என்றும் சொல்லாமல், நான்கு வாக்கியத்தையும் சொன்னார்.

"எங்க வீட்ல உங்க உரம் எதுவும் இல்லை" என்றார் அவர்.

"இல்லைன்னா நல்லதுதாங்க. இருந்தா திருப்பிக் கொடுத்துடுங்க."

"ஆக, தெரு பூராவும் விஷத்தைக் கொடுத்திருக்கீங்க. கூட்டத்துல இதைச் சொல்லலாம் இல்ல?"

"தாராளமா சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நானே சொல்லத்தான் போறேன்."

திரும்பி நடக்கும்போது எனக்கு அழுகை வராத குறை. தோட்டம் போயே போச்சு என்று நினைத்தேன். அக்கா நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, குறிக்க வேண்டிய இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பயமில்லாமல் ஒன்றும் அவர் இதைச் செய்யவில்லை. அது தெரிந்த பிறகுதான் அவர் மேல் எனக்கு மரியாதை இரட்டிப்பானது.

அடுத்த சில நாள்களில் தோட்டத்துக் கம்பிக் கதவில் ஒவ்வொன்றாக உறைகள் வந்து தொங்கின. பிரிக்காதவை, பாதி காலியானவை, வெறும் உறையைத் துவைத்து மடித்து வைத்தவை. எல்லாவற்றையும் மைதானத்துப் புல்லுக்கே கொண்டுபோய்க் கொட்டினோம், அதற்குத்தான் அது ஒத்துக்கொள்ளும். கெட்டுப்போன பாத்திகளில் மக்காச்சோளம் ஊன்றினோம். அதுவும் புல் இனம்தான் என்று டீச்சர் பலகையே எழுதி வைத்தார். சனிக்கிழமை இரவு எண்ணியபோது முப்பத்தொரு உறைகள் இருந்தன, ஒன்று குறைந்தது. "அதை யாராவது தெரியாம வேற தொட்டியில போட்டுடப் போறாங்கண்ணே" என்று அக்கா அந்த ஒன்றுக்காகக் கவலைப்பட்டார். நாளைக் காலை நிலமே போகப் போகிறது என்பது என் கவலை.

ஞாயிறு காலை தெருவே வந்திருந்தது. அதிகாரி கோப்பைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்து, எட்டு டீக் கப்புகளையும் மேசையில் வரிசையாக வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். நான்கு வாக்கியம்தான், ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. கூட்டத்தில் சலசலப்பு. கதவைச் சாத்திய வீட்டுக்காரர், "இவங்களை நம்பி எப்படிங்க நிலத்தைக் கொடுக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கார் வந்து நின்றது. நூறு அடி தூரத்துக்கும் காரில் வருகிறவர் வேறு யார். இறங்கி, டிக்கியைத் திறந்து, இரண்டு கையாலும் எதையோ அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளை உறை, ஓரத்தில் நீலக் கோடு. இஸ்திரி கலையாத சட்டையெல்லாம் மண்.

"நீங்கதானே பார்க்கிங் மனு கொடுத்தவர்?" என்றார் அதிகாரி.

"ஆமா சார். அதைக் கொஞ்சம் ஓரமா வைங்க." மூச்சு வாங்கியது அவருக்கு. "மொட்டை மாடியில ஆறு தொட்டி வெச்சிருக்கேன். யாருக்கும் தெரியாது. கேட்க வெட்கமா இருந்துச்சு, அதான் வீட்ல அனுப்பி இதை வாங்கிட்டு வரச் சொன்னேன். ஆறும் போச்சு. என் கை ராசியில்லாத கை, நான் தொட்டா எதுவும் துளிர்க்காதுன்னு ஒரு மாசமா நினைச்சிட்டிருந்தேன். இவங்க வந்து சொல்லலைன்னா சாகுற வரைக்கும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். நிலத்தை யாரை நம்பிக் கொடுக்கிறதுன்னுதானே யோசிக்கிறீங்க. தன் தப்பைத் தேடிட்டு வந்து சொல்றவங்களை நம்பாம வேற யாரை நம்புறது?"

அதிகாரி கை தூக்கச் சொன்னார். எண்ணுகிற வேலை என் தலையில் விழுந்தது. தேவை இருபத்தொன்று. நான் இருபத்தாறு எண்ணினேன், கண்ணில் நீர் வந்ததால் இன்னொரு முறையும் எண்ணினேன். கதவைச் சாத்தியவர் கடைசிவரை தூக்கவில்லை, அது அவர் இஷ்டம்.

ரெண்டு கார்க்காரரும் தூக்கவில்லை. இரண்டு கையிலும் உறையை அணைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றிருந்தார். அக்கா அவர் எதிரில் போய் நின்று கைகளை நீட்டினார்.

"கொடுங்க" என்றார்.

கொடுத்துவிட்டு, மண் அப்பிய கையை அவர் தன் தலைக்கு மேல் தூக்கினார்.