முதல் கட்டத்தில் மூலைக்கரைப்பட்டி

செம்பூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, கல்லூரி முதலாண்டுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள் என் பேத்தி. வெளியே ஜூன் மழை. வாசலில் விரித்து வைத்த குடை தன் பங்குக்கு ஒரு சிறு குளத்தை உண்டாக்கியிருந்தது. அந்தப் பெண் எதையும் தேர்வு செய்வாள், உடனே மாற்றுவாள். மேஜர் பொருளாதாரம், மைனர் உளவியல், கூடவே ஏதோ திறன் படிப்பு. ஓட்டலில் தாலி சாப்பாடு சொல்வதுபோல இருந்தது. அப்பளம் வேண்டுமா என்று கேட்காததுதான் குறை.

திடீரென்று நிமிர்ந்தாள்.

"தாத்தா, சர்நேம் என்ன போட? ஸ்டார் போட்டிருக்கான், காலியா விட்டா மேல போக மாட்டேங்கறது. ஜல்தி சொல்லுங்கோ, டைம் அவுட் ஆயிடும்."

ஈரக்குடையின் வாசனையும் அந்தக் கேள்வியும் ஒன்றாக வந்ததுதான் வினை. நான் பள்ளி முடித்த காலத்து மாட்டுங்காவுக்குப் போய்விட்டேன்.

அப்போது பதினொன்றாம் வகுப்பு முடித்தால் நேரே கல்லூரி முதலாண்டுதான். விண்ணப்பத்தைச் சேர்ப்பதற்குள் பாதிப் படிப்பு முடிந்துவிடும். ஜெராக்ஸ் கிடையாது. மதிப்பெண் பட்டியலைத் தட்டச்சுக்காரரிடம் கொடுத்து நகல் எடுக்கவேண்டும். அது அசல்தான் என்று கையெழுத்திட, முத்திரை வைத்திருக்கும் அரசு அதிகாரி ஒருவரைப் பிடிக்கவேண்டும். எங்கள் பகுதியில் அப்படி ஒருவர் இருந்தார். காலை ஏழிலிருந்து ஏழரை வரை மட்டுமே நம்மை நம்புவார். அதற்குப் பிறகு போனால் "நாளைக்கு வாடா" என்று கதவுக்குள்ளிருந்தே குரல் வரும்.

எனக்குப் பெரிய மதிப்பெண் ஒன்றும் இல்லை. கையெழுத்து நன்றாக இருக்கும். அப்பா காப்பீட்டு நிறுவனத்தில் குமாஸ்தா. தினமும் ஒரு பக்கம் எழுத வைத்து, அச்சு மாதிரி ஆக்கியிருந்தார். நடுவில் கறுப்புக் கோடு போட்ட பச்சைப் பேனா ஒன்றும் கொடுத்திருந்தார். கணக்கில் தோற்றவனுக்குக் கையெழுத்தில் ஒரு கர்வம்.

கணக்கில் ஜெயித்தவன் பொன்ராஜ். தாராவியிலிருந்து ரயில் பாலம் ஏறி இறங்கி எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு வருவான். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் மூலைக்கரைப்பட்டி. அவன் அப்பா ஆசீர்வாதம், குர்லாவில் ஒரு பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓட்டுபவர். படிப்பு விஷயத்தில் அவர் தீர்மானம் ஒரே வரி.

"லிஸ்ட்டுல பேரு வந்தா காலேஜி. வரலன்னா திங்கக்கெழம எங்கூட பட்டறைக்கு வா. இதுல என்னல பேச்சு?"

கல்லூரியும் ஒன்றே ஒன்றுதான், நடந்து போகிற தூரத்தில் இருந்த மாட்டுங்கா கல்லூரி. ரயில் பாஸ் எடுத்துப் போகிற கல்லூரியெல்லாம் அவர் கணக்கில் வேறு நாடு.

விண்ணப்பத்தை நிரப்ப என்னிடம் வந்தான்.

"ஏல, ஒங் கையெழுத்துல எழுதிக் குடு. எங் கையெழுத்தப் பாத்தா மார்க்கு திருடுனதுன்னு நெனப்பான்."

நிரப்பினேன். பாளையங்கோட்டை வக்கீலே தோற்றுப்போவார், அத்தனை மிடுக்கு. அந்தத் தாளின் முதல் கட்டத்தில்தான் தகராறு. இந்த ஊர் விண்ணப்பங்களில் முதலில் குடும்பப் பெயர், பிறகு சொந்தப் பெயர், பிறகு அப்பா பெயர். பக்கத்து வீட்டு மராட்டிக்காரர்களுக்கு மூன்றும் வரிசையாக இருக்கும். நமக்கு முதல் கட்டத்துக்கு ஆள் கிடையாது.

"குடும்பப் பேருன்னா?" என்றான்.

"ஊர்ப் பேரைப் போடறதுதான் வழக்கம். எங்காத்துல எல்லாரும் அப்படித்தான்."

"அவ்வளவு பெரிய ஊரு அந்தக் கட்டத்துல கொள்ளாதுல."

"எங்கிட்ட விடு" என்று ஆங்கிலத்தில் மூலைக்கரைப்பட்டி முழுவதையும் அந்தக் கட்டத்துக்குள் அடைத்தேன். ஓர் எழுத்துகூடக் கோட்டைத் தாண்டவில்லை. அவன் தாளை உயர்த்திப் பார்த்துச் சிரித்தான். "ஊருக்கே அட்மிசன் வாங்கிட்டியே."

பட்டியல் ஒட்டிய நாளில் நல்ல மழை. கல்லூரி நடைவழியில், கோதுமைப் பசையின் புளித்த வாசனைக்கும் முந்நூறு ஈரக்குடைகளுக்கும் நடுவே, யார் முழங்கை யாருடையது என்று தெரியாமல் நின்றோம். பொன்ராஜ் தன் பெயரை 'பி' எழுத்தில் தேடினான். நானும் அங்கேயே தேடினேன். இல்லை. இன்னொரு முறை தேடினோம். இல்லை. என் பெயரும் பட்டியலில் இல்லை. பக்கத்தில் ஒட்டியிருந்த காத்திருப்போர் பட்டியலில் நான்காவதாக இருந்தது. பட்டியலில் பெயர் வந்தவர்கள் மூன்று நாளில் கட்டணம் கட்டவேண்டும். கட்டாதவர்களின் இடம் எங்களுக்கு.

"நீயாவது வாசல்ல நிக்க. நான் தெருவுலேயே நிக்கேன்" என்றான் பொன்ராஜ். திரும்பும் வழியில் பாலத்தின்மேல் நின்று மூக்கைச் சிந்தினான். ஜலதோஷம் என்றான். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இரவு சாதத்தைப் பிசையும்போது என் கை நின்றது. பட்டியல், குடும்பப் பெயர் வரிசையில் அல்லவா ஒட்டியிருந்தார்கள்!

மறுநாள் காலை தனியாகப் போனேன். 'எம்' எழுத்தில், நடுவாக, மூலைக்கரைப்பட்டி பொன்ராஜ் ஆசீர்வாதம். பட்டியலிலேயே நீளமான பெயர். என் கையெழுத்து தெளிவாக இருந்ததால் தட்டச்சில் ஒரு பிழைகூட இல்லை.

இனி எழுதப்போவதைச் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். நேரே தாராவிக்குப் போகத்தான் கிளம்பினேன். பாலத்தின் பாதிப் படி ஏறும்போது, ஓர் இடம் காலியானால் நான் மூன்றாவது என்று மனம் தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது. வாழ்நாளில் நான் தப்பில்லாமல் போட்ட ஒரே கணக்கு. திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவனே வந்தான்.

"ஏல, வேற லிஸ்ட்டு எதும் ஒட்டிருக்கானா?"

"இல்லடா" என்றேன்.

வேறு பட்டியல் ஒட்டவில்லைதான். பொய் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். வக்கீல் மிடுக்கு என்று சொன்னேனே, அது இதற்குத்தான் உதவியது.

மூன்றாம் நாள் நான்கு இடங்கள் காலியாயின. நான்காவது ஆளாக நான் சேர்ந்தேன். திங்கட்கிழமை அவன் அப்பாவோடு குர்லாவுக்குப் போனான். நான் கல்லூரிக்குப் போய், கணக்கு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றும் புரியாமல் விழித்தேன். அவனாக இருந்தால் முதல் பெஞ்சில் புரிந்திருக்கும்.

இருபத்திரண்டு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூர் வீட்டுக்கு வந்தான். தாராவியில் சொந்தப் பட்டறை, முன்வழுக்கை, ஒரு விரலில் நகம் கிடையாது. மகளின் கல்லூரி விண்ணப்பத்தைக் கொண்டுவந்திருந்தான்.

"ஒங் கையெழுத்துலதான் எழுதணும்னு நெனச்சேன். ராசியான கையில்லா?"

பச்சைப் பேனாவை எடுத்தேன். முதல் கட்டத்துக்கு வந்ததும், நகமில்லாத விரலை அதன்மேல் வைத்தான்.

"இதுல எம் பேரையே போட்டுரு. ஊரு பேரு வேண்டாம்ல. தேடுத பிள்ளைக்குத் தெரியணும்லா."

என் பேனா நின்றுவிட்டது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன, மை தீந்துட்டோ?" என்றான்.

"ஆமாம்" என்றேன்.

தன் சட்டைப் பையிலிருந்து பால்பாயின்ட் பேனாவை எடுத்துக் கொடுத்தான். எழுதி முடித்தேன். காபி குடித்தான், என் மனைவியிடம் "இவன் ஸ்கூல்ல கணக்குல மக்கு, தெரியுமாம்மா?" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான். அவனுக்கு எப்போது தெரிந்தது, அந்த வாரமேயா, அதற்குப் பிறகா, நான் கேட்கவில்லை. அப்புறம் டோம்பிவிலிக்குக் குடிபோனான். ஒவ்வொரு மழைக்காலமும் ஒரு நடை போய்ச் சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பேன். ரயிலில் கூட்டம் என்று இருந்துவிடுவேன். போன வருஷ மழையில் அவன் போய்விட்டான் என்று அவன் மகள்தான் போன் செய்து சொன்னாள்.

பேத்தியிடம் அப்பா பெயரையே போடச் சொன்னேன். பத்து நாளில் அவள் போன் 'டிங்' என்றது. "வந்துடுத்து தாத்தா!" என்று குதித்தாள்.

"பக்கத்துல யார் பேரெல்லாம் இருக்கு?"

"மத்தவா பேரெல்லாம் காட்டாது தாத்தா. எனக்கு என்னோடதுதான் வரும்."

பட்டியல் இல்லை, பசை இல்லை, முழங்கை இல்லை. அவள் பெயரை அவளுக்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வர எந்தச் சிநேகிதனாலும் முடியாது. போனதெல்லாம் நல்லதுக்குத்தான் போயிருக்கிறது.

பச்சைப் பேனா மட்டும் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. நேற்று எடுத்து மை நிரப்பித்தான் இதை எழுதினேன். அன்றைக்கு மை தீரவில்லை, பொன்ராஜ்.