பீஸ் கட்டை

மாவு மில்லில் அரிசி அரைக்க நின்றிருந்தேன். பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கப்போன ஆபரேட்டர், முதலில் கரண்ட் போர்டிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த வெள்ளைப் பீங்கானைப் பார்த்ததும் என் வாயில் ரத்தம் கரித்தது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் அப்பா கள்ளக்குறிச்சியில் ஒரு ரைஸ்மில்லில் ஆபரேட்டர். சனிக்கிழமைதோறும் மிஷினை நிறுத்திக் கிரீஸ் வைப்பார். கட்டை இல்லாமல் மோட்டார் ஓடாது. சாப்பாடு கொண்டுபோகும் என் கையில் அதைக் கொடுத்துவிடுவார்.

"யாரு கேட்டாலும் குடுக்காத பாப்பா. அப்பா கை உள்ள இருக்குது."

அன்று வாசலில் நெல் லாரி நின்றது. முதலாளி என்னிடம் வந்தார்.

"கட்டையக் குடுடி."

"அப்பா கை உள்ள இருக்குதுங்க."

அறைந்தார். உதடு கிழிந்தது. முடியைப் பிடித்துத் தூணில் மோதினார். என் விரல்களைப் பிரிக்கப் பார்த்தபோது அவர் மணிக்கட்டைக் கடித்தேன்.

"எந்நேரமும் இன்னாத்த நோண்டிக்கினு கெடக்கிறான் ஒங்கப்பன்?" என்று கத்தியபடி, பக்கத்திலிருந்த தண்ணி மோட்டாரின் கட்டையைப் பிடுங்கி மில் போர்டில் செருகிப் பட்டனை அழுத்தினார்.

பெல்ட் அப்பாவின் வலது கையை உள்ளே இழுத்தது. மூன்று விரல்கள் தவிட்டில் விழுந்தன. அலறிக்கொண்டே எழுந்து வந்த அப்பா, இடது கையில் ஸ்பேனரோடு முதலாளியின் வாயிலேயே அடித்தார். பல் கொட்டிய பிறகும் அடித்தார். மூட்டை தூக்குகிற நாலு பேர் பிடித்து இழுக்க இழுக்க அடித்தார்.

அவர் கொடுத்த கட்டையை நான் விடவே இல்லை.

இந்த மாவு மில் போர்டிலும் பக்கத்தில் ஒரு தண்ணி மோட்டார் கட்டை இருந்தது. இப்போது, மிஷினுக்குள் கைவிடக் குனிந்த ஆபரேட்டரை நிறுத்தினேன்.

"அந்த தண்ணி மோட்டர் கட்டையையும் புடுங்கிக்குங்க. அப்புறம் கைய உள்ள வுடுங்க."