அக்காவை அழைத்துவரப் போனோம்

கருவாட்டு வாடையும் எலுமிச்சைச் சோற்று வாசமும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால் யாரும் முகத்தைச் சுளிப்பார்கள், ஆனால் எனக்கு அதுதான் இந்தியாவின் வாசனை. ராமசாமி மாமாவின் லாரியில் பின்னால் முழுக்கக் கருவாட்டு மூட்டை, முன்னால் மாமாவுக்குப் பக்கத்தில் அப்பா, அம்மா, அம்மாவின் மடியிலும் பாதி சீட்டிலுமாக நான், என் காலடியில் துணியால் இறுகக் கட்டிய சோற்றுத் தூக்கு. அப்போது எனக்குப் பதினொரு வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு முடித்திருந்தேன், அதற்கு மேல் படிக்கவில்லை, ஆகையால் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து பேச இன்றைக்கும் எனக்குக் கூச்சம். எழுதினால் முகம் தெரியாது என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இந்தியாவுக்குப் போனது கோயில் பார்க்க அல்ல. பாக்கியம் அக்காவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவரப் போனோம்.

அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். நாங்கள் இருந்தது இலங்கையில், ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அதே தோட்டத்தில் மேல் லயத்துப் பையனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு அரசாங்கமும் தோட்டத்துச் சனத்தைப் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் அவன் வீட்டுக்கு இந்தியப் பாஸ்போட் கிடைத்திருந்தது, எங்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. லயம் என்பது தோட்டத்து ஆட்களின் வீட்டு வரிசை, அதில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. அந்தக் காலத்தில் ஒரே லயத்தில் இந்தக் காம்பராவுக்கு ஒரு நாடு, அடுத்த காம்பராவுக்கு வேறு நாடு. "மேல் கணக்குல குடுத்தா என்ன, இந்தியாவுல குடுத்தா என்ன? நம்ம சனந்தானே" என்று அப்பா சொன்னார். கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதமே அக்கா அவர்களோடு பதுளை ஸ்டேசனில் கோச்சி ஏறினாள். அந்தக் கோச்சிக்கு "அழுகைக் கோச்சி" என்று பெயர். ஏறுகிறவர்களும் அழுதார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுதார்கள். அம்மா மட்டும் அழவில்லை. பிள்ளை உண்டானால் ஏழாம் மாதம் போய் அழைத்துவரப் போகிறோம், பிறகு எதற்கு அழுவது என்று நினைத்தாள்.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் எங்கள் பெண்கள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குத்தான் வாழப் போவார்கள். ஏழாம் மாதம் அம்மா வீட்டார் "கட்டுச்சோறு" கட்டிக்கொண்டு போய், வளையல் போட்டு, அழைத்துவந்துவிடுவார்கள். புருசன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அந்தப் பெண் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது, பிள்ளை பிறக்கும் முன் அந்த வாசலை மறுபடி மிதிக்கவும் கூடாது. அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்ததும் அம்மா நாள் எண்ணத் தொடங்கினாள். நடுவில் கடல் இருந்தது அவளுக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அப்பா கறவை மாட்டை விற்றார். அரசாங்கக் கச்சேரிக்கும் கொழும்புக்கும் அலைந்து எங்கள் மூன்று பேருக்கும் பாஸ்போட்டும் விசாவும் வாங்கினார்.

பதுளைக் கடைவீதியில் வளையல் வாங்கப் போனபோது கடைக்கார நானா, "எந்தத் தோட்டத்துக்கும்மா கொண்டு போறீங்க?" என்று கேட்டார்.

"இந்தியாவுக்கு" என்றாள் அம்மா, பக்கத்து ஊர் ஹாலிஎலைக்கு என்று சொல்வது போல.

நானா இரண்டு வளையல் கூடப் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

தலைமன்னாரில் கப்பல் ஏறி, அந்தப் பக்கம் ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபத்தில் ராமசாமி மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமா எங்கள் தோட்டத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றிய லாரியை ஓட்டியவர். இந்தியாவுக்கு வந்து ஒரு முதலாளியின் கருவாட்டு லாரியை மேட்டுப்பாளையம் வரைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். "தேயில வாசத்துல பொழச்சவன இப்புடி நாற வச்சிட்டானுங்க தங்கச்சி" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்தால் எல்லாரும் சிரிப்பார்கள். அவர் லாரியிலேயே எங்களை ஏற்றிக்கொண்டார்.

அந்தப் பயணம் முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாக வலிக்கிறது. அவ்வளவு தட்டையான பூமியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் எங்கே திரும்பினாலும் கண்ணுக்கு முன்னால் ஒரு மலை நிற்கும். அங்கே வானம் தரை வரைக்கும் இறங்கிக் கிடந்தது. "மல இல்லாம இவங்க சாயங்காலம் எங்கப்பா சூரியன மறைப்பாங்க?" என்று நான் கேட்டதற்கு மாமா லாரியை ஆட்டி ஆட்டிச் சிரித்தார்.

திண்டுக்கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லுடைக்கிற இடத்தில் லாரி நின்றது. அங்கே ராக்கம்மா அத்தை இருந்தாள். லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராக்காரி. கொழுந்து பறிப்பதில் தோட்டத்துக்கே முதல் கை. இப்போது அந்தக் கை முழுக்கத் துணி சுற்றியிருந்தது. எங்களைக் கண்டதும் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அடியே, பொண்ண அழைக்கக் கடல் தாண்டி வந்தவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான்டி! ராமருகூட பாலம் கட்டித்தான் வந்தாரு!"

"நீ வாய மூடிக்கிட்டுச் சோத்தத் தின்னு" என்றாள் அம்மா.

அத்தை சாப்பிட்டாள். தின்றுகொண்டே, "எங்க காம்பராவுல இப்ப யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல. பூட்டிக் கெடக்கு."

"அடுப்பையாச்சும் யாராவது மெழுகுறாங்களா?"

அம்மா அவளுக்கு இன்னும் ஒரு பிடி சோறு வைத்தாள். அத்தை கையில் இருந்த சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. புறப்படும்போது ஓடிப் போய் ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்து சன்னல் வழியாக என் மடியில் போட்டாள். "பாக்கியத்துக்கு. ரத்தம் ஊறும்."

மேட்டுப்பாளையத்தில் மாமா மூட்டையை இறக்கிவிட்டு, ஊருக்குத் திரும்ப உருளைக்கிழங்கு லோடு ஏற்றும் வரைக்கும் அங்கேயே காத்திருப்பதாகச் சொன்னார். நாங்கள் பஸ் ஏறிக் கோத்தகிரிக்குப் போனோம். மலை ஏற ஏற அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தேயிலைச் செடியைக் கண்டதும் வாய்விட்டே சொன்னாள், "நம்ம ஊருதான்டி."

அக்கா தகரக் கொட்டகை ஒன்றின் வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களைக் கண்டு கத்தவில்லை, ஓடிவரவில்லை. கண்ணை மூடித் திறந்து, மறுபடி மூடித் திறந்து பார்த்தாள். பிறகு என்னிடம்தான் முதலில் பேசினாள்: "ஏண்டி, ஒன் மேல என்ன கருவாட்டு நாத்தம்?"

மறுநாள் வளையல் போட்டார்கள். அக்காவின் மாமியார் நல்ல மாதிரி. வழக்கம்தானே, கூட்டிப் போங்க சம்பந்தி என்றாள். மாப்பிள்ளை மட்டும் அப்பாவைத் தனியாக அழைத்து, "மாமா, அவளுக்கு விசா எடுக்கலயே, கப்பல்ல விடுவாங்களா?" என்று கேட்டார். அப்பா தோட்டத்தில் ஒரு சாவுக்கு லீவு கேட்கவே துரைக்கு முன்னால் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர். அன்றைக்கு என்னவோ குரலை உயர்த்தினார். "எம் பொண்ணத் தலப்பெரசவத்துக்குக் கூட்டிட்டுப் போக எவங்கிட்ட மாப்பிள்ள கேக்கணும்?"

அக்கா போய்வருகிறேன் என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்தாள்.

திரும்பும் வழியில் ராக்கம்மா அத்தை லாரியை மறித்து அக்காவின் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தாள். "ஊருக்குப் போயி நம்ம மலையூத்துப் பீலித் தண்ணியக் குடிடி, பிள்ள தானா வந்து விழும்" என்றாள். அக்கா என் தோளில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டே வந்தாள். வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கிறபோது என் கையை எடுத்து அதன் மேல் வைப்பாள்.

ராமேசுவரத்தில் கப்பலடியில், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் எங்கள் பாஸ்போட்டுகளைப் பார்த்துவிட்டு அக்காவுடையதைப் பிரித்தார். "இவங்க இந்தியப் பிரஜை. இலங்கை விசா எங்கே?"

"ஐயா, தலப்பெரசவமுங்க. அம்மா வீட்டுக்குங்க" என்றார் அப்பா.

"அது சரிங்க. விசா எங்கே?"

"எம் பொண்ணுங்க ஐயா. அங்க பொறந்தவதாங்க."

அவர் கோபப்படவில்லை. அக்காவின் வயிற்றைப் பார்த்தார், எழுந்து தன் நாற்காலியை அவளுக்குப் போட்டார். மெட்ராசுக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும், வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது என்று பொறுமையாக விளக்கினார். அவர் ஏசியிருந்தால்கூட அப்பா கெஞ்சியிருப்பார். அப்படி மரியாதையாகச் சொன்ன பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் விசா முடிகிற நாள் நெருங்கியிருந்தது. லீவு முடிந்ததும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுக்கப் போய் நிற்காவிட்டால் அப்பாவுக்கு வேலை போகும், காம்பராவும் போகும். அம்மா தான் மட்டும் இருந்துகொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். அதற்கும் வழி இல்லை என்றார்கள். கூட்டத்துக்கு நடுவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி அக்கா கேட்டாள்:

"அப்ப நான் எந்த வீட்டுக்கும்மா போறது?"

புருசன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அம்மா வீட்டுக்குக் கப்பலில் இடமில்லை. கடைசியில் ராமசாமி மாமாதான், "எங்க வீட்டுல இருக்கட்டும் தங்கச்சி. நீ போயி விசா வேலயப் பாரு, அடுத்த கப்பல்ல வந்து கூட்டிட்டுப் போ" என்றார். அம்மாவும், "அடுத்த கப்பல்ல வந்துர்றேன் சாமி" என்று அக்காவின் தலையைத் தொட்டுச் சொன்னாள். கப்பல் நகர்ந்தபோது அக்கா அழவில்லை. அடுத்த கப்பலில் அம்மா வருவாள் என்று அவள் முழுமையாக நம்பினாள்.

அப்பா கச்சேரிக்கு நடந்தார், கொழும்புக்குப் போனார், தொழிற்சங்கத்துக்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். நாளைக்கு வாருங்கள், அடுத்த கிழமை வாருங்கள் என்றார்கள். அக்கா கப்பல் வருகிற நாளெல்லாம் கரைக்குப் போய் நின்றாள் என்று பிறகு கேள்விப்பட்டோம். எவ்வளவு சொல்லியும் மாமாவால் அவளை நிறுத்த முடியவில்லையாம். வெயிலில் நின்று கால் வீங்கிப் போயிருந்ததாம். தந்தி தோட்டத்து ஆபீசுக்கு வந்தது. பெண் குழந்தை இருக்கிறது, தாய் இல்லை.

குழந்தையை மாப்பிள்ளை வீட்டார் கோத்தகிரிக்கு எடுத்துப் போனார்கள். அப்புறம் அவர்களும் வேறு எங்கோ வேலை தேடிப் போய்விட்டார்கள். நாட்டில் சண்டை வந்தது, கப்பல் நின்றது, மாமாவும் போய்ச் சேர்ந்தார். அம்மா சாகும் வரைக்கும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்: "நான் ஏன் போயி அவள அழச்சேன்? அழைக்காம இருந்தா அந்தத் தகரக் கொட்டகையிலயாச்சும் பெத்துக்கிட்டு இருந்திருப்பாளே." அழைக்கப் போகாமல் இருந்திருந்தால் அக்கா பிழைத்திருப்பாள் என்றுதான் எனக்கும் இன்று வரை தோன்றுகிறது.

இப்போது தலைமன்னாருக்கு ரயில் மறுபடி போகிறது என்கிறார்கள். அங்கிருந்து கப்பல் இல்லை. எங்கள் தோட்டத்தில் பாதி காடாகிவிட்டது. மேல் லயம் மண்ணோடு சரிந்து போய், இருந்த இடமே தெரியவில்லை. கொழும்பில் பிளேன் ஏறினால் திருச்சியில் இறங்க ஒரு மணி நேரம்தான் என்று என் மகன் சொல்கிறான், வாங்கம்மா கூட்டிட்டுப் போறேன் என்கிறான். போய் யாரை விசாரிப்பது? அக்காவின் மகளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்றுகூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

போன மாதம் என் பேத்திக்கு ஏழாம் மாதம். ஹாலிஎலையில் கொடுத்திருக்கிறோம், த்ரீவீலில் கொஞ்ச நேரத்துப் பாதை. கால் வலி என்று சொல்லிவிட்டு, அழைக்க நான் போகவில்லை. அவர்கள் போன நேரத்திலிருந்து அடுப்பு மூட்டவும் தோன்றாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ரோட்டில் சத்தம் கேட்டது, பிள்ளைகள் எல்லாம் ஓடினார்கள், நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேத்தி படியேறி உள்ளே வந்து, மூச்சு வாங்க, "வந்துட்டேன் அப்பாயி" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் அம்மா கடல் தாண்டிப் போனாள். கேட்காமலே போய்விட்டாள்.