பொலிக்ஸேனி வீட்டில் அறை இருக்கிறது

கப்பலின் சங்கு முனைக்கு அப்பாலிருந்து ஊதி முடிப்பதற்குள் பொலிக்ஸேனி அடுப்பை அணைத்துவிடுவாள். கத்தரிக்காய் பாதி வெந்திருந்தாலும் சரி, கணவன் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்திருந்தாலும் சரி. கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கும் பலகையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, நூற்றுப் பதினான்கு படிகளையும் ரப்பர் செருப்போடு தடதடவென்று இறங்கித் துறைமுகத்துக்கு வந்துவிடுவாள். வயது அறுபத்து மூன்று. முழங்கால் வலி உண்டு, ஆனால் அது ஏறும்போது மட்டும்தான்.

பலகையில் ஐந்து மொழிகளில் ஒரே வாசகம்: "அறை இருக்கிறது." அறை இருக்கும் நாளிலும் அதுதான், இல்லாத நாளிலும் அதுதான். மற்ற வீட்டுக்காரர்கள் அறை நிரம்பியதும் பலகையைத் திருப்பி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள். பொலிக்ஸேனியின் பலகைக்குப் பின்பக்கமே கிடையாது என்று ஊரில் கேலி செய்வார்கள்.

காரணம் கேட்டால் மூவாயிரம் வருஷம் பின்னால் போவாள். கேட்காவிட்டாலும் போவாள். விருந்தாளிகள் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதால் குறுக்கே பேசவும் வழியில்லை.

"லேட்டோன்னு ஒரு தெய்வம். நிறைமாசம். வேலையைப் பண்ணினது ஸீயஸ், தெய்வங்களுக்கெல்லாம் ராஜா. அவன் பொண்டாட்டி ஹீரா, இவளுக்கு எவனும் எடம் குடுக்கக் கூடாதுன்னு எல்லாத் தீவுக்கும் சொல்லி அனுப்பிட்டா. பாவம், வயித்தைப் பிடிச்சுக்கிட்டு தீவு தீவா ஏறி இறங்குறா. இங்கயும் வந்தா. அதோ, அந்தக் கல்லுலதான் உக்காந்தா. நம்ம பெரிய மனுஷங்க என்ன பண்ணாங்க? 'இங்க காத்து ஜாஸ்திம்மா, அடுத்த தீவைப் பாரு'ன்னு அனுப்பி வெச்சுட்டாங்க! அவ போயி ஒரு மொட்டைப் பாறையில ரெட்டைப் பிள்ளை பெத்தா. இன்னைக்கு உலகமே அங்க போய் நிக்குது. நம்மகிட்ட என்ன இருக்கு? ஆடு இருக்கு."

தெய்வம் அந்தக் கல்லில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது என்பது வருபவர்களைப் பொறுத்தது. மறுநாளே கிளம்புகிறவர்களுக்கு ஐந்து நிமிஷம். ஒரு வாரம் தங்குகிறவர்களுக்கு அரை நாள். இரண்டு வாரத்துக்குப் பெட்டி கொண்டுவந்த ஒரு ஜெர்மன் குடும்பத்துக்காக லேட்டோ அங்கேயே மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியும் எழுந்தாள். அந்தக் கல்லில் யாராவது ஈரத் துண்டை உலர்த்தினாலோ, ஐஸ்கிரீமோடு உட்கார்ந்தாலோ, துறைமுகத்தின் மறுகோடியிலிருந்து பொலிக்ஸேனியின் குரல் வரும். "எந்திரி! அது நீ உக்கார்ற எடமில்ல!"

"அந்தம்மா மட்டும் இங்க பெத்திருந்தா நமக்கு விமான நிலையமே வந்திருக்கும்" என்பது அவளுடைய நிரந்தர ஏக்கம். கணவன் ஃபோக்கியோன் அதிகம் பேசாத மனிதன். ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தான்.

"அந்தப் பாறையில இப்ப ராத்திரி யாரையும் தங்க விடுறதில்லையாம்."

"விடலையா? அப்ப இங்க அனுப்பச் சொல்லு!"

வீடு நிரம்பத் தொடங்கும் ஜூலை பாதியில் ஃபோக்கியோன் தலையணையை எடுத்துக்கொண்டு தன் மீன்பிடி படகுக்குப் போய்விடுவான். செப்டம்பரில்தான் திரும்பி வருவான்.

எங்கள் தீவு என்பது இரண்டு மொட்டை மலை, நடுவில் வெள்ளையடித்த ஊர், முப்பத்தொரு சின்னக் கோயில், நூற்று எண்பது மனிதர்கள். ஆடுகளை யாரும் எண்ணியதில்லை. பொலிக்ஸேனி வீட்டு விருந்தாளிகளையும் யாரும் எண்ணாமல்தான் இருந்தார்கள், போன ஆகஸ்ட் வரை. வாசலில் பதித்த நீலத் தகட்டின்படி அவளுக்கு எட்டுப் பேரை வைத்துக்கொள்ள உரிமம். போன ஆகஸ்டில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். நார்வேக்காரப் பேராசிரியர் ஒருவர் ரொட்டி அடுப்பின் மேல் படுத்தார். குளியல் தொட்டியில் ஒரு பல் மருத்துவர். அவள் கட்டிலில் மூன்று சகோதரிகள். அவளோ சமையலறை மேசைக்கடியில், மிகுந்த திருப்தியோடு. பேராசிரியர் ஊருக்குப் போய் நன்றி தெரிவித்து அரசுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினார். அடுப்பைப் பற்றி மட்டும் ஒரு பக்கம். அதில்தான் மாட்டிக்கொண்டாள். இனி ஒரு தலை கூடினாலும், எந்தக் கட்டிலில் படுத்தாலும் சரி, தகட்டைப் பெயர்த்துவிடுவோம் என்று உத்தரவு வந்தது. தகடு போனால் விருந்தாளி கிடையாது. விருந்தாளி இல்லாத பொலிக்ஸேனி காலையில் எதற்காகக் கண் விழிப்பாள் என்று ஊரில் யாராலும் யோசிக்கவே முடியவில்லை.

உத்தரவை நிறைவேற்றுகிறவன் சாவாஸ். எல்லாச் சட்டத்துக்கும் தீவில் இருக்கும் ஒரே அதிகாரித் தொப்பி அவனுடையது. வடக்கே மலைப்பக்கத்துக்காரன், கடல் ஒத்துக்கொள்ளாது. இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஜனவரி மழையில், குடலே வெளியே வரும்படி வாந்தியெடுத்துக்கொண்டு வந்து இறங்கினான். அலுவலகம் என்பது ஒரு மேசையும் ஒரு பெஞ்சும். பொலிக்ஸேனிதான் தன் வீட்டில் எண்ணெய் டின்களை அப்புறப்படுத்தி, அந்த இடத்தை மூன்றாம் அறை என்று பெயர் சூட்டி அவனுக்குக் கொடுத்தாள். இன்றும் அங்கேதான் குடியிருக்கிறான். ஆகவே எட்டுப் பேரில் அவனும் ஒருவன். தினமும் மாலை ஆறு மணிக்குத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நோட்டைத் திறப்பான்.

"நான் ஒண்ணு," என்று தொடங்குவான். "பிரெஞ்சுக்காரங்க மூணு..."

"பெரிய ஆளு, தன்னையே மொதல்ல எண்ணிக்கிறான்," என்பாள் பொலிக்ஸேனி. சொல்லிக்கொண்டே அவன் வாயில் பாகில் ஊறிய திராட்சையை ஒரு கரண்டி ஊட்டிவிடுவாள். அவன் மென்று முடித்துவிட்டு எண்ணிக்கையைத் தொடர்வான். விட்டுக்கொடுக்க மாட்டான், நல்ல பிள்ளை.

இந்த வருஷம் மாதா திருவிழாவுக்கு முந்தின நாள். மூன்று நாளாக வடகாற்று, கப்பலே இல்லை. பொலிக்ஸேனி வீட்டில் சாவாஸோடு சரியாக எட்டு. மாலை ஐந்து மணிக்கு எப்படியோ கப்பல் ஆடிக்கொண்டு உள்ளே வந்து கதவை இறக்கியது. பலகையோடு அவளும் நின்றாள். பின்னால், "எட்டு ஆச்சு, பொலிக்ஸேனியம்மா. நாளைக்கு மேலதிகாரி வர்றாரு," என்று சாவாஸும் நின்றான்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் கப்பல் தலைவர் பேசினார். பக்கத்துத் தீவில் காற்று மிக அதிகம், அங்கே கட்ட முடியாது, அந்தத் தீவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் தயவுசெய்து இங்கேயே இறங்கிவிடவும்.

பொலிக்ஸேனி பலகையோடு ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா? அங்க காத்து ஜாஸ்தியாம்! அங்க! மூவாயிரம் வருஷத்துக்கப்புறம் கடலே நம்ம சாக்கைத் திருப்பிச் சொல்லுது!" பக்கத்தில் நின்ற ஊர்ப் பாதிரியாரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். கப்பலுக்கும் ஒரு முத்தத்தைப் பறக்கவிட்டாள். நாற்பத்தாறு பேர் சக்கரப் பெட்டிகளோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு இறங்கினார்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் பிடிக்கிறவளைப் போல அவள் சுற்றிச் சுழன்றாள். "நீங்க நாலு பேரு, பாதிரியார் வீடு. நீ ஒத்தையா? ரொட்டிக் கடை மாடி. வெங்காயம் பிடிக்கும்ல? அப்ப வாத்தியார் வீடு." ஊர் மொத்தமும் கதவைத் திறந்தது. முக்கால் மணி நேரத்தில் தீவு நிரம்பியது. பள்ளிக்கூடத்துத் தரை மட்டும் மிச்சம்.

அப்போது கப்பலிலிருந்து கடைசியாக ஒரு பெண் இறங்கினாள். தானாயி என்று பெயர். அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போகிறாள். எட்டு மாத வயிறு, வீங்கிய கால், செருப்பு கையில். பின்னால் மூன்று பையோடு அவள் கணவன். "எங்கயாவது உக்காரலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

பொலிக்ஸேனியின் சிரிப்பு நின்றது. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து அந்தக் கல்லைத் துடைத்தாள். மூலை முடுக்கெல்லாம் துடைத்தாள். பிறகு தானாயியின் தோளைப் பிடித்து மெல்ல அதில் உட்கார வைத்தாள்.

"அம்மா," என்றான் சாவாஸ், தாழ்ந்த குரலில். "நான் எண்ணித்தான் ஆகணும். பொய் எழுத மாட்டேன்."

"யாரு எழுதச் சொன்னா? மணி ஆறு ஆகட்டும், எண்ணு."

நூற்றுப் பதினான்கு படிகளையும் அவள் ஓடியே ஏறியதை அன்று ஊர் பார்த்தது. முழங்காலை நடுவழியில் இரண்டு தரம் திட்டினாள். இறங்கி வந்தபோது கையில் ஒரு தலையணை, ஒரு போர்வை, கண்ணாடி டம்ளரில் ஒரு பல் துலக்கி. மூன்றையும் சாவாஸின் கையில் அடுக்கினாள்.

"இப்ப எண்ணு, கண்ணு."

"நான் ஒண்ணு..." என்று பழக்கத்தில் தொடங்கியவன் டம்ளரைப் பார்த்தான். அது அவனுடைய பல் துலக்கி.

"ஆபீஸ் பெஞ்சு எங்க வீட்டுக் கணக்குல வராதுல்ல?"

"வராது," என்றான், நெடுநேரம் யோசித்துவிட்டு. "இவங்க வீட்டுக்காரரு?"

"அவன் ஃபோக்கியோன்கூடப் படகுல. புருஷனுங்க எல்லாம் படகுலதான்."

சாவாஸ் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டான். தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, டம்ளரைத் தரையில் வைத்து, நோட்டைத் திறந்தான். தன் பெயரை அடித்தான். கல்லில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "இவங்க ஒண்ணு," என்று எழுதினான். பென்சில் அவள் வயிற்றுக்கு எதிரே வந்து தயங்கியது.

"அது இன்னும் கப்பல்லயே இருக்கு," என்றாள் பொலிக்ஸேனி. "எழுதாத."

தானாயி சிரித்த சிரிப்பில் கல்லே குலுங்கியிருக்கும். சாவாஸும் சிரித்துவிட்டான். மீதி ஏழையும் எண்ணிக் கூட்டினான். எட்டு. கீழே கோடு போட்டுக் கையெழுத்திட்டான்.

அந்த நேரம் பார்த்து முனைக்கு அப்பாலிருந்து இன்னொரு சங்கு. காற்றால் எங்கோ ஒதுங்கிக் கிடந்த சின்னக் கப்பல், மேல்தளம் முழுக்கத் தலைகளோடு வந்துகொண்டிருந்தது.

"பொலிக்ஸேனியம்மா, வேணாம்," என்றான் சாவாஸ்.

அவள் அதற்குள் குதிகாலை உயர்த்தி, பலகையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள்.