தையல் போட்ட கோழி

காலையில கோழியோட தீனிப்பையைத் தொட்டுப் பாத்தா, கழுத்துக்குக் கீழே மெத்துன்னு காலியா இருக்கணும். முந்தின நாள் தின்னதெல்லாம் இறங்கியிருக்கும். அன்னைக்கு என் கறுப்புக் கோழிக்குக் கல்லு மாதிரி இருந்துச்சு. வாயைத் திறந்தா புளிச்ச வாடை.

என்னன்னு எனக்கு உடனே தெரிஞ்சு போச்சு. என் வீட்டுக்காரர் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புல பிட்டர். எண்ணெய்க் கை துடைக்கிற நூல் வேஸ்ட்டைச் சட்டைப்பையிலேயே வச்சுக்கிட்டு வந்து வாசல்ல உதறுவார். எத்தனை தடவை கத்தியிருப்பேன்! அதைப் புழுன்னு நினைச்சு முழுங்கியிருக்கு.

"சாகுறதுக்குள்ள அறுத்துருட்டி. செத்தா குப்பைக்குத்தான்"ன்னாங்க அத்தை, என் மாமியார். யுத்த காலம், கறி கண்ணுல படுறதே அபூர்வம். அவங்க சொன்னதுல தப்பில்லை. ஆனா திருநெல்வேலியில இருந்து கல்யாணமாகி வந்தவளுக்கு, உருது பேசுற இந்த ஊர்ல பாஷை தெரியுமா, ஆள் தெரியுமா? பகல் பூரா நான் வாய் ஓயாம பேசுனது அந்தக் கோழிகிட்டதான். அது போச்சுன்னா எனக்குன்னு அந்த வீட்டுல ஒண்ணுமில்லை.

இருப்புக் கொள்ளலை. கூடையில வச்சுத் தூக்கிக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுனேன். வாசல்ல இருந்த ஆள் கூடைக்குள்ள எட்டிப் பாத்துட்டு, கழுத்தை அறுக்கிற மாதிரி கையைக் காட்டிச் சிரிச்சான். "முர்கிக்கு தவா கைக்கு? காட்கே காலேவ்." கோழிக்கு மருந்து எதுக்கு, அறுத்துத் தின்னுன்னு அர்த்தமாம். இங்கயும் அதே பாட்டுதானா! வந்த ஆத்திரத்துல வெயில் கூட உறைக்கலை.

எங்க அப்பா ஊர்ல மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். சேவச் சண்டையில கிழிஞ்ச கோழியை அவர் தைக்கிறப்போ விளக்குப் பிடிச்சவ நான். நானே பாத்துக்கிடுதேன்னு வீட்டுக்கு வந்து பிளேடையும் ஊசியையும் கொதிக்க வச்சேன். வீட்டுக்காரர் கோழியைத் துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிட்டார். தான் உதறுன நூல்தான்னு தெரிஞ்சதும் மனுசன் தானா வந்து உக்காந்துட்டார். இறகைப் பிடுங்கி, தோலைக் கீறி, அப்புறம் பையைக் கீறுனேன். எண்ணெய்க் கறுப்போட நூல் வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு. வெதுவெதுன்னு உப்புத் தண்ணி விட்டுக் கழுவிட்டு, பையைத் தனியா, தோலைத் தனியாத் தைச்சேன். ரெண்டையும் சேத்துத் தைச்சா இரை இறங்குறப்போ இழுத்துப் பிஞ்சிரும்.

"கை நடுங்குதேட்டி"ன்னார்.

"நடுங்குறது உங்க மடி!"

ரத்தம் கண்டா மத்த கோழிங்க கொத்தியே கொன்னுரும். அதனால அடுப்பங்கரையில தனியாக் கூடைக்குள்ள வச்சேன். கஞ்சித் தெளிவும் தயிரும் விரல்ல தொட்டுத் தொட்டுக் குடுத்தேன். அரிசி அரிக்கப் போனாலும் பாதியில ஓடிவந்து கூடையைத் திறந்து பாப்பேன். "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையாக்கும்"னு அத்தை கேலி பண்ணுவாங்க. காயம் ஆறுச்சு. என்னைத் தவிர யார் கையிலயும் அகப்படாத கோழி, இப்ப யார் "பா பா"ன்னாலும் காலடிக்கு ஓடிவர ஆரம்பிச்சுது.

அடுத்து வந்த ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் புதுசா வந்த பாதிரியாருக்கு எங்க வீட்டுல மத்தியானச் சாப்பாடு. அத்தை சமையலுக்கு வீட்டுல இருந்துக்கிட்டாங்க. நானும் வீட்டுக்காரரும் ஆராதனை முடிஞ்சு வந்தோம். வாசல்லயே மசாலா வாசனை. கூடை காலி.

"நோய்க்கோழியைப் பாதிரியாருக்கு வைக்க முடியுமா? இப்பத்தான் நல்லாயிருச்சே"ன்னாங்க அத்தை, சட்டியைக் கிண்டிக்கிட்டே. "பிடிக்கவே வேண்டாம்போல. 'பா பா'ன்னேன், வந்து நின்னுச்சு."

காலிக் கூடையைக் கவுத்து வச்சேன். சாயங்கால ரயிலைப் பிடிச்சு ஊருக்குப் போயிரணும், திரும்பி வரவே கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். யார்கிட்டயும் சொல்லலை.

பாதிரியார் ஜெபம் பண்ணுனார். கறி பஞ்சா இருக்குன்னு ரெண்டாந்தடவை கேட்டு வாங்குனார். அத்தை என் வீட்டுக்காரர் இலையிலயும் கறியைப் போடப் போனாங்க. அவர் ரெண்டு கையையும் இலை மேல விரிச்சு வச்சுக்கிட்டார்.

"எனக்கு வேண்டாம்மா. வயிறு சரியில்லை."

காலையில எட்டு இட்டிலி தின்ன வயிறு அது. அத்தை மல்லுக்கட்டுனாங்க, வற்புறுத்துனாங்க. அவர் கையை எடுக்கவே இல்லை, என்னை நிமிந்தும் பாக்கலை.

நான் ரசத்தைக் கொண்டுபோய் அவருக்கு ஊத்துனேன். ரயிலுக்குப் போகலை.