இன்ஷா அல்லாஹ், பார்ப்பம்

என் மகளுக்குக் கொழும்பில் ஒரு தனியார் கல்லூரி முழுப் புலமைப்பரிசில் தர முன்வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் சேரத் தேவையான வெட்டுப்புள்ளியோ இன்னும் வெளியாகவில்லை. அதையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று நினைத்தேன். கல்லூரியிலிருந்து பேசியவர் எங்கள் கல்முனை ஆள்தான்; காக்கா என்று அண்ணன் முறை வைத்தே பேசினார். "மகள் சேருவாவா?" என்று கேட்டார்.

"இன்ஷா அல்லாஹ், பார்ப்பம்" என்றேன்.

வெட்டுப்புள்ளி வந்தபோது மகளுக்கு எங்கும் இடமில்லை. பதறிப்போய்க் கல்லூரிக்குக் கோல் எடுத்தேன். அந்த இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"நம்மட ஊர்ல இன்ஷா அல்லாஹ் பார்ப்பம் எண்டா, ஏலா, வரமாட்டம் எண்டுதானே கருத்து, காக்கா? டைம் கேட்டிருந்தா தந்திருப்பமே" என்றார் அவர். போக விருப்பமில்லாத கலியாணங்களுக்கு நானும் அப்படித்தான் சொல்லி அனுப்புவேன்.

இப்போதெல்லாம் ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை; யோசிக்க வேண்டுமென்றால் அவகாசம் கேட்கிறேன். போன கிழமை மருதமுனையிலிருந்து கலியாணத்துக்குச் சொல்ல வந்தார்கள். "ஓம், கட்டாயம் வருவன், இன்ஷா அல்லாஹ்" என்றேன்.

அவர்கள் போன பிறகு, தேத்தண்ணிக் கோப்பைகளை எடுக்க வந்த மகள் சொன்னாள்:

"இந்த ஓமை அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே, வாப்பா."